விடுபட்ட முதல் அடி: கஞ்சாப் புகைக்கு இசைவான இசை எது?

ஒரு ரெகே பாட்டைப் போட்டுவிட்டு, தாளத்தோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். 'ஒன்று' விழ வேண்டிய இடத்தில் டிரம்ஸ் பேசாமல் இருப்பதைப் பல பாடல்களில் கவனிக்கலாம். ராக், பாப், டிஸ்கோ என்று நாம் கேட்டுப் பழகிய பெரும்பாலான இசையில் முதல் அடிதான் ஓங்கி விழும். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் 'ஒன் டிராப்' தாளம் அந்த அடியை விட்டுவிட்டு, மூன்றாவது அடியில் மொத்த எடையையும் இறக்கி வைக்கிறது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கார்ல்டன் பாரெட் இந்த நடையை உலகமெங்கும் கொண்டுசேர்த்தவர். காது எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. கேட்பவர் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

கஞ்சா புகைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் நேரத்துக்கு எந்த வகை இசை பொருந்தும் என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. வகைப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால் பாதி வழியில் தடுமாறிவிடுவோம். கேட்பவருக்கு இடம் விடுகிற இசையைத் தேட வேண்டும். அப்படி இடம் விடும் இசை வகைகளில் சில, கஞ்சாப் புகை சூழ்ந்த அறைகளிலேயே வளர்ந்தவை என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. ஜெர்மனி 2024இல் வயதுவந்தோர் குறைந்த அளவு வைத்திருக்க அனுமதித்தது. உலகின் பெரும்பாலான நாடுகளில் அது இன்னமும் தண்டனைக்குரிய குற்றம். புகைக்கும்படி யாரையும் நான் அழைக்கவில்லை. புகைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இசை கேட்கிறார்கள், கடந்த நூறாண்டு இசையின் முக்கியமான திருப்பங்கள் சில அந்த உறவையொட்டி நிகழ்ந்திருக்கின்றன. அதைப் புரிந்துகொண்டுதான் தேர்வைப் பற்றிப் பேச முடியும்.

கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருள் டி.எச்.சி. ரபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் இஸ்ரேலில் 1964இல் அதைத் தனியே பிரித்து, அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார்கள். அது மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் சி.பி.1 ஏற்பியின் மரபணு அடையாளம் 1990இல் தெரியவந்தது. அதே ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை நம் உடலே உண்டாக்குகிறது என்பது 1992இல் தெரிந்தபோது, அதற்கு ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். இந்த ஏற்பிகள் அடர்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள்: புதிய நினைவுகளைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ், அசைவையும் கால அளவையும் கணிப்பதில் பங்குள்ள அடித்தள நரம்புத் திரள்கள், சிறுமூளை. நினைவு, காலம், அசைவு ஆகிய இந்த மூன்றும் இல்லாமல் இசை கேட்பது என்ற ஒன்றே கிடையாது.

டி.எச்.சி. உள்ளே போனதும் காலம் நீள்கிறது. ஒரு நிமிடம் கடந்துவிட்டதாக மனம் சொல்லும்போது கடிகாரம் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்காது. கூடவே குறுகிய கால நினைவின் பிடியும் தளர்கிறது. சில நொடிகளுக்கு முன் வந்த சொற்றொடர் கையை விட்டு நழுவுகிறது. இசையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரியது. எட்டுப் பகுதிகளாகப் பிரிந்து, முதல் பகுதியில் வந்த மெட்டை ஏழாவதில் திருப்பிப் போட்டுக் காட்டும் சிக்கலான ஒரு படைப்பைக் கேட்பவர், முதல் மெட்டை மறந்துவிட்டால் அந்தத் திருப்பத்தின் அழகை இழக்கிறார். நான்கே சுரங்களில் திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு பேஸ் கிட்டார் வரிக்கு அந்த ஆபத்து இல்லை. ஒவ்வொரு சுற்றும் புதிதாகவே வந்து சேரும். மற்ற நேரத்தில் சலிப்பாகத் தோன்றும் திரும்பச் சொல்லல், இந்த நேரத்தில் ஊஞ்சலைப் போல ஆகிவிடுகிறது.

உளவியலாளர் சார்லஸ் டார்ட் 150 பயனர்களிடம் விரிவாகக் கேட்டுத் தொகுத்த ஆய்வு 1971இல் வெளிவந்தது. ஒலியின் நுண்ணிய வேறுபாடுகள் கேட்கின்றன, சுரங்கள் தெளிவாகின்றன, தாளம் முன்னே வந்து நிற்கிறது என்ற அனுபவங்கள் அதில் மிகப் பரவலாகப் பதிவாகின. ஜெர்மானிய இசைச் சிகிச்சை ஆய்வாளர் யோர்க் ஃபாக்னர், புகைத்துவிட்டு இசை கேட்பவர்களின் மூளை மின்னலைகளை அளந்து, போதையில்லாத நேரத்து அலைகளிலிருந்து அவை வேறுபடுவதைக் காட்டினார்.

ஆனால் 2018இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, 'கஞ்சா இசையை அழகாக்குகிறது' என்ற எளிய நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. 16 பேரை வெவ்வேறு நாட்களில் இருவகைக் கஞ்சாவையும் வெற்று மருந்தையும் எடுத்துக்கொள்ளச் செய்து, இசை கேட்கும்போது அவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். இசை கேட்க வேண்டும் என்ற ஆவல் கஞ்சாவால் கூடியது. ஒலியை நன்றாக உணர்வதாகவும் அவர்கள் சொன்னார்கள். அதே வேளையில், டி.எச்.சி. மட்டும் மிகுந்த வகை, கேட்டலுக்கும் உணர்ச்சிக்கும் இன்பத்துக்கும் உரிய மூளைப் பகுதிகள் இசைக்குத் தரும் எதிர்வினையை மங்கச் செய்தது. சி.பி.டி. என்ற மற்றொரு பொருளும் கலந்திருந்த வகையில் அந்த மங்கல் தென்படவில்லை. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் ஒரு விஷயத்தை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்: ஆவல் வேறு, இன்பம் வேறு. வீரியம் கூடக் கூட இசை இனிக்கும் என்று எண்ணுபவர்கள், இசையைக் கேட்கும் ஆசையை இசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நல்ல பட்டியல் வேண்டுமென்றால் முதல் நிபந்தனை, அளவு குறைவாக இருப்பது.

இந்த ரசனை தானாக வருவதும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1953இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், புகைக்கும் முறையையும், அதன் விளைவை அடையாளம் காண்பதையும், அந்த விளைவை இன்பமாக எடுத்துக்கொள்வதையும் ஒருவர் பிறரிடமிருந்தே கற்கிறார் என்று காட்டினார். ஐம்பது நேர்காணல்களை வைத்து எழுதியவர் அவர். அவரே ஜாஸ் பியானோ வாசித்துச் சம்பாதித்தவரும் கூட. கஞ்சாவின் விளைவை இன்பமாக்கக் கற்றுக்கொடுத்த கூட்டங்களில் எப்போதும் ஏதோ ஓர் இசை ஒலித்துக்கொண்டே இருந்தது. அவருடைய தலைமுறைக்கு அது ஜாஸ்.

1920களில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களிடையே கஞ்சா சாதாரணமாகப் புழங்கியது. லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுவதும் புகைத்தவர். 1930இல் லாஸ் ஏஞ்சலிஸில் அதற்காகக் கைதும் ஆனார். அமெரிக்கப் போதைப்பொருள் துறையின் தலைவராக இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர், கஞ்சாவையும் இசைக்கலைஞர்களையும் பற்றித் தனிக் கோப்பே வைத்திருந்தார். 1937இல் வந்த வரிச் சட்டம் கஞ்சாவை நடைமுறையில் தடைசெய்தது. கறுப்பினக் கலைஞர்கள் மீதான வெறுப்பும் அந்த வேட்டையில் கலந்திருந்தது. இதை மென்மையாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இன்றைய பட்டியலுக்கு அந்தக் கால ஜாஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிதானமான பாலட் வாசிப்புகளும், 1950களின் இறுதியில் வந்த மோடல் ஜாஸும்தான். மோடல் ஜாஸில் ஸ்வரக்கோவைகள் அடிக்கடி மாறுவதில்லை. ஒரே நிலத்தில் நீண்ட நேரம் உலாவ முடிகிறது. பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகை அற்புதமான இசை. ஆனால் அதைப் பின்தொடர முழு விழிப்பு வேண்டும், ஓய்வு நேரத்தில் அது மூச்சு முட்டும்.

இனி ஜமைக்கா. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1845இல் முதல் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை, சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களோடு அந்தச் செடியும், அதைப் புகைக்கும் வழக்கமும், 'கஞ்சா' என்ற சொல்லும் போயின. இன்றும் ஜமைக்கர்கள் அதை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1930இல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடியதை ஒட்டி ஜமைக்காவில் உருவான ராஸ்தபாரி என்ற சமய இயக்கம், அதைத் தியானத்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய மூலிகையாக ஏற்றது. அவர்களின் நயபிங்கி பறைகளின் நிதானமான இதயத் துடிப்பும், ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற நடன இசைகளும் சேர்ந்து 1968 வாக்கில் ரெகே பிறந்தது. ஸ்காவின் ஓட்டம் ராக்ஸ்டெடியில் நடையாகி, ரெகேயில் உலாவாக மாறியது என்று சொல்லலாம். கிட்டார், தாள அடிகளுக்கு நடுவே மட்டும் வெட்டிச் செல்ல, பேஸ் கிட்டார்தான் மெட்டைச் சுமக்கிறது. 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்தது.

ரெகேயின் பிள்ளையான டப் தான், என் கணிப்பில், இந்த நேரத்துக்கென்றே உருவான இசைக்கு மிக அருகில் வருவது. 1960களின் இறுதியில் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் பெரிய ஒலிபெருக்கிகளோடு நடன விருந்துகள் நடத்திய குழுக்கள், குரலை நீக்கிய பாடல் வடிவங்களை ஒலிக்கவிட்டபோது கூட்டம் தானே பாடத் தொடங்கியது. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்த கிங் டப்பி, அந்த வெற்றிடத்தைக் கலையாக ஆக்கினார். நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட கலவை மேசையில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கிட்டாரைப் பாதியில் அணைப்பார். குரலின் கடைசி அசையை மட்டும் எதிரொலியில் எறிவார். டிரம்ஸும் பேஸும் தனித்து நிற்கும். ஒரு வீட்டின் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் காட்டுவது போன்ற வேலை. நீண்டுவிட்ட காலத்தில் ஒரு எதிரொலி மெல்ல மறைவதைக் கடைசித் துளிவரை பின்தொடர முடிகிறது. பின்தொடரவேண்டிய வரிகளோ கதையோ இல்லை. பட்டியலின் நடுப்பகுதியை டப்பிடம் ஒப்படைக்கலாம்.

இந்த ஜமைக்க ஒலிபெருக்கி விருந்து வழக்கம் வேறு ஊர்களுக்கும் போனது. கிங்ஸ்டனில் பிறந்த டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடத்திய விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கரீபியக் குடியேறிகளின் ஒலிபெருக்கிப் பண்பாட்டில் வளர்ந்த இளைஞர்களிடமிருந்து 1990களில் டிரிப்-ஹாப் வந்தது. மாஸிவ் அட்டாக் குழுவின் முதல் ஆல்பம் 1991இல் வெளியானது; ஜமைக்கப் பாடகர் ஹொரேஸ் ஆண்டி அதிலிருந்தே அவர்களோடு பாடினார். டிரிப்-ஹாப்பின் கனமான பேஸ், மந்தமான டிரம்ஸ், மூடுபனி போன்ற குரல் எல்லாமே டப்பின் பேரப்பிள்ளைகள்தான். ஒரே குறை, அதில் சோகம் அதிகம். மனம் ஏற்கெனவே கனத்திருக்கும் நாளில் டிரிப்-ஹாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்று பலரும் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது, ஒலியில் வேண்டுமென்றே கரகரப்பை விட்டுவைக்கும் லோ-ஃபை ஹிப்-ஹாப். அதன் வேர்களில் இருவர் நிற்கிறார்கள்: டெட்ராய்டின் ஜே டில்லாவும் ஜப்பானின் நுஜாபெஸும். இருவரும் 1974 பிப்ரவரி 7 என்ற ஒரே நாளில் பிறந்தவர்கள். இருவரும் நாற்பது வயதைக் காணாமலே இறந்துபோனார்கள். டில்லா, ஒலித்துண்டுகளைப் பதிந்து பொத்தான்களைத் தட்டி வாசிக்கும் தன் எம்.பி.சி. 3000 கருவியில் டிரம்ஸ் அடிகளை எந்திரக் கணக்குக்குள் சரியாகப் பூட்டாமல், இம்மி முன்னும் பின்னும் விழும்படி கையாலேயே வாசித்தார். அந்தத் தள்ளாட்டம் கேட்பவரின் உடலைத் தளர்த்துகிறது. அவருடைய கருவி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரைப் பின்பற்றிப் பெருகியிருக்கும் லோ-ஃபை துண்டுகளில் பெரும்பகுதி சமையலறைக் குழாய்ச் சொட்டு போல ஒரே மாதிரி ஓடுபவை. இந்த வகைமீது எனக்கு அன்பு உண்டு, அதனால்தான் சொல்கிறேன்: இருவரின் மூலப் படைப்புகளுக்கே போங்கள்.

கனமான ராக் பற்றிச் சுருக்கமாக. ஸ்டோனர் ராக் என்ற பெயரே கஞ்சாவால் வந்தது; 'ஸ்டோனர்' என்றால் கஞ்சா புகைப்பவர். பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்தி, சுருதியைத் தாழ்த்தி அவர் வாசித்த அந்தக் கனத்த ஒலிதான் இந்த வகையின் தாய். மெதுவானது, திரும்பத் திரும்ப வருவது, அதனால் பொருந்தும். ஆனால் ஒலியளவு குறைந்தால் அதன் உயிர் போய்விடும், ஒலியளவு கூடினால் ஓய்வு போய்விடும்.

ஆம்பியன்ட் இசை ஓய்விலிருந்தே பிறந்தது. 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, மிகக் குறைந்த ஒலியில் ஓடிய ஒரு ஹார்ப் இசைத்தட்டை எழுந்துபோய்ச் சரிசெய்ய முடியாமல் அப்படியே கேட்க நேர்ந்தது. மழையின் ஓசையோடு கலந்து அந்த இசை அறையின் ஒளியைப் போல ஆனது. கவனித்தால் பலன் தர வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்ற கொள்கையோடு 1978இல் அவர் இந்த வகைக்குப் பெயர் சூட்டினார். கவனம் அலைந்து திரிந்து திரும்பும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை இருக்க முடியாது.

ஆலாபனையையும் சொல்லவேண்டும் அல்லவா? தம்புராவின் மாறாத சுருதியின் மேல், தாளக்கட்டு இல்லாமல், ஒரு ராகம் மெல்ல மெல்லத் திறப்பதும், இந்துஸ்தானி இசையின் பழைய வடிவமான துருபத்தைப் பாடுபவர்கள் ஒரு மணி நேரம் வரை ஆலாபம் செய்வதும் இங்கே தேடும் எல்லாக் குணங்களும் கொண்டவை. ஆனாலும் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. 1967இல் கலிபோர்னியாவின் மான்டெரே விழாவில் சிதார் கலைஞர் ரவிசங்கர் தன் கச்சேரியின்போது புகைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன் இசையைப் போதையோடு சேர்த்துப் பார்ப்பதை அவர் பின்னாளிலும் வெளிப்படையாகக் கண்டித்தார். தெளிந்த மனத்தோடு கேட்கவே அந்த இசை வளர்க்கப்பட்டது என்பது அவருடைய நிலை. ஒரு ராகத்தின் நுட்பம், முன்பு வந்த பிடியை நினைவில் வைத்திருப்பவருக்கே முழுதாகக் கிடைக்கும் என்பதால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். என் பட்டியலில் ஆலாபனை இருக்காது. அதற்கு வேறொரு காலைப்பொழுது உண்டு.

வகைகளைத் தாண்டி, சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாய்மொழி வரிகள் நேராக மனத்துக்குள் இறங்கும். பிரிவு, துரோகம், மரணம் பற்றிய ஒரு வரி, சாதாரண நாளில் தொட்டுவிட்டுப் போகும். காலம் நீண்ட நிலையில் அங்கேயே தங்கிவிடும். டி.எச்.சி. அளவு கூடும்போது சிலருக்குப் பதற்றமும் சந்தேக எண்ணங்களும் வருகின்றன என்பது நன்கு பதிவான உண்மை. எனவே குரலில்லாத இசை, அல்லது பொருள் தெரியாத மொழிப் பாடல், பாதுகாப்பான தேர்வு. பழைய காதலோடு ஒட்டியிருக்கும் பாட்டுகளைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்களும் இதய நோயாளிகளும் வளரும் வயதினரும் புகையிலிருந்தே விலகியிருப்பது நல்லது. அந்த அபாயத்தை எந்தப் பட்டியலும் குறைக்காது.

வரிசைப்படுத்துவதற்கு உடலே வழிகாட்டும். புகைத்த சில நிமிடங்களில் நாடித் துடிப்பு கூடுகிறது. அதைப் பயம் என்று தவறாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். ஆகவே தொடக்கத்தில் நன்கு பழகிய, நிதானமான பாடல்களே வேண்டும்; நிமிடத்துக்கு 60 முதல் 80 அடிகள் போதும். அரை மணி நேர அளவில் விளைவு உச்சத்தைத் தொடும்போது டப், மோடல் ஜாஸ், நீண்ட படைப்புகள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது வடியும்போது ஆம்பியன்ட். பட்டியலைத் தெளிவாக இருக்கும்போதே முடித்துவைத்துவிட வேண்டும். நினைவு தளர்ந்தபின் அடுத்த பாட்டைத் தேடித் திரையோடு போராடுவது ஓய்வைத் தின்றுவிடும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பாடல்களின் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை இயக்குங்கள். மெல்லிய பேஸ் ஒலிக்கு நடுவே உரத்த விளம்பரம் வெடிப்பது போன்ற கொடுமை வேறில்லை.

லூசியானோ பெர்னார்டியும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பட்டியல் போடும் எல்லாருக்கும் அது உதவும். 24 பேருக்குப் பலவகை இசையைக் கேட்கவைத்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். வேகமான இசையில் எல்லாம் ஏறின. நடுவே இரண்டு நிமிட மௌனத்தைச் செருகியபோது, இசை தொடங்கும் முன் இருந்த நிலையைவிடவும் கீழே இறங்கின. ஆகவே டப்புக்கும் ஆம்பியன்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் ஒலியே இல்லாத கோப்பு ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவையுங்கள். பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து யாராவது எழுந்து பார்க்கப் போவார்கள், உட்காரச் சொல்லுங்கள்.